கார்பனா, ரெசினா, ஆர்.ஓ.வா?

கிணற்று நீரில் பிஃபாஸ் (PFAS: கார்பனும் ஃப்ளோரினும் இறுகப் பிணைந்த, எளிதில் சிதையாத செயற்கை வேதிப்பொருள்கள்) இருப்பது ஆய்வகப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சிக் குடிக்கலாம் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். கார்பன்-ஃப்ளோரின் பிணைப்பு அடுப்புச் சூட்டுக்கெல்லாம் அசையாது; நீர்தான் ஆவியாகும், பிஃபாஸ் பாத்திரத்திலேயே செறிந்து நிற்கும். டிடிஎஸ் மீட்டரும் உதவாது. அது மில்லிகிராம் கணக்கில் உப்பைக் காட்டும் கருவி. பிஃபாஸ் வகைகளான பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் இரண்டுக்கும் குடிநீரில் அமெரிக்கா 2024-ல் தனித்தனியே வைத்த வரம்போ லிட்டருக்கு 4 நானோகிராம். அதாவது 25 கோடி லிட்டருக்கு ஒரு கிராம்.

வடிகட்டிகளில் ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது நுண்துளைகள் நிறைந்த கரிதான் மூத்தது. எட்டு கார்பன் அணுக்கள் கொண்ட பிஎஃப்ஓஏ போன்ற நீளச் சங்கிலிகளை நன்றாகப் பிடிக்கும். நான்கு கார்பன் அணுக்கள் கொண்ட பிஎஃப்பிஏ போன்ற குட்டைச் சங்கிலிகள் சீக்கிரமே நழுவிவிடும். ஒட்டிய குட்டையைக்கூட, பின்னால் வரும் நீளச் சங்கிலி தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அப்போது உள்ளே போகும் நீரைவிட வெளியே வரும் நீரில் குட்டை அதிகமாக இருக்கும்! ஆகவே இரண்டு தொட்டிகளை வரிசையாக வைத்து, நடுவில் மாதிரி எடுக்க ஒரு குழாய் விடுவார்கள். அந்தக் குழாயில் பிஃபாஸ் தலைகாட்டினால் முதல் தொட்டியின் கரியை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்ட கார்பன் வெறும் அலங்காரம்.

மின்னேற்றம் கொண்ட பொருள்களைப் பிடித்துக்கொள்ளும் சிறு மணிகளான அயனிப் பரிமாற்ற ரெசினுக்குச் சில நிமிடத் தொடர்பே போதும், தொட்டியும் சிறிது. குட்டைகளையும் கார்பனைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் சல்ஃபேட்டும் நைட்ரேட்டும் மிகுந்த நீரில் அவையும் இடத்துக்குப் போட்டி போடும்.

நுண்சவ்வு வழியே நீரை அழுத்திச் செலுத்தும் ஆர்.ஓ. நீளம், குட்டை இரண்டையும் பெருமளவு தடுக்கும். சிக்கல் கழிவு நீரில். தடுத்த அத்தனையும் அதில்தான் செறிந்து போகிறது. அதைத் தோட்டத்து மண்ணில் விட்டால் நிலத்தடிக்கே திரும்பும்.

குடிக்க, சமைக்க ஒரு குழாய் போதுமென்றால் ஆர்.ஓ.வே என் தேர்வு. ஊருக்கே வழங்கும் நீர் என்றால் அவ்வளவு கழிவு நீரை எங்கே கொண்டுபோவது? அங்கே கார்பன், குட்டைகள் மிகுந்திருந்தால் ரெசின்.

இதெல்லாம் பிஃபாஸுக்கு மட்டும். 1,4-டையாக்சேன் என்ற கரைப்பான் கலந்திருந்தால் கணக்கே வேறு: மின்னேற்றம் இல்லாததால் ரெசினில் சிக்காது, கரியிலும் சரியாக ஒட்டாது. புற ஊதா ஒளியும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து அதை உடைக்கும். அதே முறை பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் பக்கம் போனால் கீறல்கூட விழாது.