கார்-டி சிகிச்சையா, இரட்டை இலக்கு எதிர்ப்பொருளா?

திரும்ப வந்த இரத்தப் புற்றுநோய்க்கு எந்த மருத்துவ ஆய்வில் சேர்வது என்று தடுமாறுவோர் பலர். இரண்டு சிகிச்சைகளும் உடலின் டி செல்களை (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களை) கொண்டே நோயைத் தாக்குகின்றன என்றாலும், நோயாளி நடக்க வேண்டிய பாதை வெவ்வேறானது.

காத்திருப்பு
கார்-டி: நோயாளியின் டி செல்களைப் பிரித்தெடுத்து, மரபணு மாற்றம் செய்து, பெருக்கித் திரும்பச் செலுத்தச் சில வாரங்கள் ஆகும்.
எதிர்ப்பொருள்: ஒருபுறம் டி செல்லையும் மறுபுறம் புற்றுநோய்ச் செல்லையும் பற்றி இணைக்கும், ஆயத்தமாக இருக்கும் மருந்து. நோய் வேகமாகப் பெருகும்போது இந்த வேறுபாடே முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து.

சிகிச்சைக் காலம்
கார்-டி: பெரும்பாலும் ஒரே முறை, ஆனால் கண்காணிப்பு 15 ஆண்டுகள் வரை நீளலாம்.
எதிர்ப்பொருள்: தொடர் சிகிச்சை, இவ்வகை மருந்தான பிளினாட்டுமோமாப் ஒரு சுற்றில் 28 நாட்கள் இடைவிடாமல் ஏறும்.

சான்று
கார்-டி: பி செல் லுகேமியா (ஒருவகை இரத்தப் புற்றுநோய்) உள்ள 75 சிறார், இளையோரிடம் நடந்த எலியானா ஆய்வில், மூன்று மாதங்களுக்குள் 81 விழுக்காட்டினருக்கு நோய் தணிந்தது, ஒப்பீட்டுக் குழு இல்லை.
எதிர்ப்பொருள்: பெரியவர்கள் 405 பேரிடம் நடந்த டவர் ஆய்வில், இடைநிலை ஆயுள் (பாதிப்பேர் உயிரோடு இருந்த காலம்) கீமோதெரபி பெற்றோருக்கு 4.0 மாதமாகவும், பிளினாட்டுமோமாப் பெற்றோருக்கு 7.7 மாதமாகவும் இருந்தது. வயதும் ஆய்வு முறையும் வேறுபடுவதால், இவ்விரு எண்களை நேருக்கு நேர் நிறுத்துவது தவறு.

சைட்டோகைன் பெருக்கம் (அழற்சியைத் தூண்டும் பொருட்கள் அளவுக்கு மீறிச் சுரப்பது), நரம்புப் பாதிப்பு, தொற்று ஆகிய அபாயங்கள் இரண்டிலும் உண்டு.

சில வாரங்கள் தாக்குப்பிடிக்கக் கூடியவராகவும், தொடர் மருந்தைத் தவிர்க்க விரும்புபவராகவும் இருந்தால் கார்-டி ஆய்வு பொருந்தும்; காத்திருக்க இயலாதவருக்கும், தேவைப்பட்டால் மருந்தை நிறுத்தும் வசதி வேண்டுபவருக்கும் எதிர்ப்பொருள் ஆய்வே ஏற்றது.