சாட்டர்ன் எஸ் வரிசை: உடம்பு கெட்டி, எஞ்சின்தான் ஆயில் குடிக்கும்

ஜப்பானியச் சிறு கார்களோடு மோத ஜெனரல் மோட்டார்ஸ் 1985இல் தொடங்கிய தனி நிறுவனம் சாட்டர்ன். டென்னசி மாநிலத்து ஸ்பிரிங் ஹில் ஆலையில் முதல் கார் 1990 ஜூலையில் வெளிவந்தது. ஷோரூமில் பேரம் கிடையாது, ஒரே விலை. அதன் முதல் கார் வகையான எஸ் வரிசை 2002இல் நின்றது. சாட்டர்னை விற்க பென்ஸ்கி குழுமத்துடன் நடந்த பேச்சு 2009 செப்டம்பரில் முறிந்ததும் பிராண்டையே மூட முடிவானது.

கதவும் ஃபெண்டரும் பிளாஸ்டிக். இடித்தால் நெளியாது, துருவும் பிடிக்காது. பேனல்களுக்கிடையே விரல் நுழையும் இடைவெளி தயாரிப்புக் குறை அல்ல. வெயிலில் பிளாஸ்டிக் விரிய இடம் வேண்டும். பானட், கூரை, டிக்கி மூடி மூன்றும் இரும்பு. பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல் வண்டிக்கு அடியில் துருவைத் தேடுங்கள்.

இனி 1.9 லிட்டர் எஞ்சின். பிஸ்டனில், சிலிண்டர் சுவரிலிருந்து ஆயிலை வழிக்கும் ஆயில் ரிங் உட்காரும் பள்ளத்தில் ஆயில் வடிய ஓட்டை இல்லை. கரி படிந்து ரிங் இறுகிக்கொள்ளும், ஆயில் எரியும். வயதான எஞ்சின் 1,000 மைலுக்கு ஒரு குவார்ட்டு (கிட்டத்தட்ட ஒரு லிட்டர்) குடிப்பது சகஜம். கொள்ளளவே 4 குவார்ட்டுதான். 3,000 மைல் கழித்து மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் உள்ளே ஒன்றுதான் மிச்சம். இந்த எஞ்சின்கள் செத்தது பெரும்பாலும் இப்படித்தான். பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் குச்சி) பாருங்கள், 5டபிள்யூ-30 தர ஆயில் போதும்.

ரிங்கை இளக்க ஒரு வழி உண்டு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நான்கு பிஸ்டனும் பாதி உயரத்தில் நிற்குமாறு கிராங்கைத் திருப்பி, கரி கரைப்பானை ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி இரவு முழுக்க விடுங்கள். காலையில் மிச்சத்தை உறிஞ்சி எடுங்கள். தீப்பொறியையும் பெட்ரோலையும் துண்டித்து, பிளக் துளைகளைத் துணியால் மூடி, ஸ்டார்ட்டரைச் சில விநாடி சுழற்றுங்கள். திரவம் தங்கிய நிலையில் பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். கரைப்பான் கீழேயும் இறங்கியிருக்கும். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் ஓட்டாதீர்கள். இதனால் ஆயில் எரிவது குறையும், நிற்காது. நிரந்தரத் தீர்வு ஓட்டை போட்ட பிஸ்டன். அதற்கு எஞ்சினைப் பிரிக்கவேண்டும்.

காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்து, மைலேஜ் விழுந்து, ஆட்டோமேட்டிக் கியரும் முரண்டுபிடித்தால் முதலில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்ப சென்சாரைப் பாருங்கள். பழையதன் பிளாஸ்டிக் முனை விரிசல்விடும். பித்தளை முனை உள்ளதைப் போடுங்கள். கூலன்ட் கசிந்து கனெக்டர் பச்சை பூத்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்றவேண்டும். எஞ்சின் ஆறாமல் கை வைக்காதீர்கள்.

ரிவர்ஸ் போடும்போது டமாரென்று இடித்தால், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு பாடி தேய்ந்திருக்கும் அல்லது இன்புட் ஷாஃப்ட் நட் தளர்ந்திருக்கும். நின்ற இடத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் எஞ்சினைத் தாங்கும் மேல் மவுன்ட் போயிருக்கும். விலை குறைவு, வேலையும் சுலபம்.

பேனல் வேண்டுமானால் பழைய கார் உடைக்கும் யார்டுதான் கதி. 1996இல் செடானும் 1997இல் கூபேயும் உருமாறின. அதற்கு முந்தைய பேனல் பிந்தையதில் பொருந்தாது. கடுங்குளிரில் கழற்றாதீர்கள், பழைய பிளாஸ்டிக் உடைந்துவிடும்.