திங்க்பேட் டி480, எம்1 மேக்புக் ஏர்: மட்டக்களப்பில் நிரல் எழுத எந்த மடிக்கணினி?

2020இல் வந்த எம்1 மேக்புக் ஏரில் விசிறி இல்லை, சத்தமும் இல்லை. பேட்டரி நாள் முழுக்கத் தாங்கும். ஆனால் சித்திரை வெயிலில், கல்லடியில் ஒரு தகரக் கூரையின் கீழ் பெரிய நிரலைக் கம்பைல் செய்தால், அதாவது கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றினால், சூடேறி, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 8 ஜிபி ரேம் (வேலை நேர நினைவகம்) வாங்கினால் கடைசிவரை 8தான், பிறகு கூட்ட முடியாது. டொக்கரும் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருள்) அண்ட்ரொய்ட் எமுலேட்டரும் (கணினிக்குள் ஓடும் போலி அண்ட்ரொய்ட் போன்) சேர்ந்து ஓடினால் மூச்சு வாங்கும்.

2018இன் டி480 கனமானது, திரையும் சுமார்தான். ஆனால் அடிமூடியைக் கழற்றினால் ரேமுக்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன. பின்புற பேட்டரியை வேலைக்கு நடுவிலேயே கழற்றி மாற்றலாம். உள்ளிருக்கும் இன்னொரு பேட்டரி அதுவரை தாங்கும். மின்வெட்டு நாளில் இதன் அருமை தெரியும். விசைப்பலகையோ, தட்டத் தட்ட ஆசை.

ஐபோன் செயலி எழுதுபவருக்கு எக்ஸ்கோட் என்ற ஆப்பிளின் நிரலாக்க மென்பொருள் தேவை. அது மேக்கில் மட்டுமே ஓடும். மற்றவர்கள் டி480 வாங்கி, மிச்சப் பணத்தில் ரேமைக் கூட்டுங்கள்.