டைவ் கம்ப்யூட்டர் வாங்கப் போகும் பெங்களூர்த் தமிழர்களே, கொஞ்சம் நில்லுங்கள்

78,000 ரூபாய் போச்சு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கடலுக்கடியில் நீந்தும்போது முதுகுச் சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றை மணிக்கட்டிலேயே காட்டும் டைவ் கம்ப்யூட்டர், அதற்குத் தகவல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர், இரண்டும் சேர்த்து 78,000. டைவிங் சாமான் விற்கும் ஒரு பெங்களூர்க் கடையில் வாங்கினேன்.

பொருளைக் குறை சொல்லவில்லை. 20 மீட்டர் ஆழத்தில் காற்று மேலே இருப்பதைவிட மூன்று மடங்கு வேகமாகத் தீரும். நாம் மூச்சுவிடும் வேகத்தைப் பார்த்து இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்று அதுவே கணக்குப் போடும். அதற்குத்தான் அவ்வளவு பணம்.

நான் போனில் தமிழ் பேசியதைக் கேட்டதுமே கடைக்காரர், "அண்ணா, நம்ம பக்கமா? எனக்குக் கிருஷ்ணகிரி" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டையும் இணைத்துக் காட்டச் சொன்னேன். "சிலிண்டர்ல மாட்டித் திறந்தாத்தான் டிரான்ஸ்மிட்டர் முழிக்கும்ணா. இங்க சிலிண்டர் இல்ல. படகுல ஒரு நிமிஷத்துல சேர்ந்துக்கும், நான் கியாரண்டி." அழுத்தம் ஏறினால்தான் அது வேலை செய்யும் என்பது உண்மைதான். அந்த உண்மையைச் சொல்லியே ஏமாற்றிவிட்டார்.

டைவ் செய்ய முருடேஸ்வரிலிருந்து நேத்ராணி தீவுக்குப் போன படகில் சிலிண்டரைத் திறந்தால், திரையில் வெறும் கோடுகள். பயிற்சியாளர் பார்த்துவிட்டு, இது வேறு கம்பெனி டிரான்ஸ்மிட்டர், இந்தக் கம்ப்யூட்டரோடு சேரவே சேராது என்றார். சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைப் 'பார்' என்ற அளவில் சொல்வார்கள்; 200 பாரில் இறங்கி, 50 பார் மிச்சமிருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும். வாடகைக்கு எடுத்த ரெகுலேட்டரில் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி) அழுத்தம் காட்டும் சாதா பிரஷர் கேஜ் இருந்ததால் டைவ் தப்பித்தது.

கடைக்குப் போன் செய்தால் முதலில் "பேட்டரி மாத்துங்கண்ணா". மாற்றினேன். அப்புறம் "உப்புத்தண்ணி போயிருக்கும்". கடலுக்கென்றே செய்த பொருளய்யா அது! அடுத்து "வாரண்டி வெளிநாட்டுல மட்டும்தான்". கடைசியில் அண்ணாவும் போய், "சார், பில்லுல நோ ரிட்டர்ன்னு இருக்கே" என்றார். இப்போது போனே எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. 78,000 ரூபாய்!

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. காற்று நிரப்பிய சிலிண்டரில் மாட்டி, திரையில் பார் கணக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள். டிரான்ஸ்மிட்டர் மாடலைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று கேளுங்கள். சாதா கேஜைக் கழற்றாதீர்கள். நாளை காலை நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்கிறேன். இங்கே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.