சென்ட்ரிங் வாடகை: தகடு அருமை, ஜாக்கிதான் பயம்

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மாந்தோப்புக்குள் வண்டி போக, ஓடைக்குக் குறுக்கே 14 அடி நீளம், 10 அடி அகலத்தில் ஒரு சின்னப் பாலம் போட்டோம். கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் சென்ட்ரிங் சாமானும் (அடியில் தகடு, அதை முட்டுக்கொடுக்கும் இரும்புக் குழாய் ஜாக்கி) ஆளும் ஒரே கடையில் எடுத்தேன். கடைப் பெயர் வேண்டாம்.

தகட்டைக் குறை சொல்ல மாட்டேன். பிரித்தபோது அடிப்பாகம் வழவழவென்று இருந்தது. சொன்ன நாளில் லாரி வந்தது, வாடகையும் நியாயம்.

வில்லங்கம் ஜாக்கியில். வந்தது 24. அதில் இரண்டின் குழாய் நடுவில் வளைந்திருந்தது. மூன்றில் உயரத்தைப் பூட்டும் பின் (pin) காணோம், 8 எம்எம் கம்பித் துண்டைச் செருகியிருந்தார்கள். ஓடை வண்டலில் அரைச் செங்கல்லைப் போட்டு அதன்மேல் நிறுத்தியாயிற்று. 9 அங்குலத் தளம் என்றால் ஈரக் கான்கிரீட் மட்டும் ஏழு டன்னைத் தாண்டும். முப்பது வருஷம் ஓவர்சியராக இருந்தவனுக்கு இது மனசு ஒப்புமா?

மேஸ்திரியிடம் காட்டினேன். அவர் முதலாளிக்கு போன் போட்டார். முதலாளி ஓசூரில் வேறு வேலையில். "அது முன்னாடியே வளைஞ்சது சார், ரெண்டு வருஷமா அப்படியேதான் நிக்குது. ஊத்தச் சொல்லுங்க."

இந்தப் பதிலை நான் ஏற்கெனவே படித்திருக்கிறேன். கனடாவில் கியூபெக் பாலம், கட்டிக்கொண்டிருக்கும்போதே 1907 ஆகஸ்ட் 29 அன்று ஆற்றில் விழுந்து 75 தொழிலாளர்கள் செத்தார்கள். நடு இடைவெளியை 1600 அடியிலிருந்து 1800 அடியாக நீட்டியவர்கள், கூடின எடைக்குக் கணக்கைச் சரியாகத் திரும்பப் போடவில்லை. அழுத்தம் தாங்கும் கீழ் உறுப்புகள் நாளுக்கு நாள் வளைவதைத் தளத்தில் இருந்தவர்கள் அளந்தே பார்த்தார்கள். பாலம் கட்டிய கம்பெனி சொன்னது, பொருத்தும் முன்பே வளைந்திருக்கும் என்று. ஆலோசகப் பொறியாளர் தியோடர் கூப்பர் இருந்தது நியூயார்க்கில். மேலும் பாரம் ஏற்றாதீர்கள் என்று அவர் கொடுத்த தந்தி கம்பெனி அலுவலகத்துக்குப் போனது, பாலத்துக்குப் போகவில்லை. சாயங்காலம் எல்லாம் முடிந்தது.

மிக்சரை நிறுத்தச் சொன்னேன். ஒரு நாள் கூலி என் தலையில்தான். சரி, போகட்டும். மேஸ்திரி மட்டும் பீடியை அணைத்துவிட்டு, "எனக்கும் உறுத்திக்கிட்டுதாண்ணே இருந்தது, நாங்க சொன்னா எடுபடாது" என்றார். நல்ல வேலைக்காரர். வண்டலை வழித்து, கெட்டித் தரையில் பலகை போட்டு, மறுநாள் வேறு ஜாக்கி வந்த பிறகு ஊற்றினோம்.

வளைந்த இரண்டிலும் சிவப்பு பெயின்ட் பூசி அனுப்பினேன். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது முதலாளி 150 ரூபாய் பிடித்துக்கொண்டார், பெயின்டைச் சுரண்டும் கூலியாம்.