விஷ்ணு சஹஸ்ரநாமம்: ஒலிப்பதிவா, சந்தையா?

விஷ்ணு சஹஸ்ரநாமத்தைப் பாடம் பண்ண இரண்டு வழி: ஒலிப்பதிவைக் கேட்பது, அல்லது சந்தை, அதாவது ஆசிரியர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வது. சமைத்துக்கொண்டே ஒலிப்பதிவைக் கேட்கலாம். ராகமும் வேகமும் தானாக மனதில் ஏறிவிடும். ஆனால் பதம் எங்கே பிரிகிறது என்று பிடிபடாது.

சந்தை முறையில் ஆசிரியர் ஒரு தடவை சொல்ல, நாம் இரண்டு தடவை திருப்பிச் சொல்கிறோம். முதல் ஸ்லோகத்திலேயே 'பூதபவ்ய பவத்ப்ரபு:' வருகிறது. தமிழ் எழுத்தில் இதில் வரும் ஐந்தும் ஒரே பகரம்தான். சமஸ்கிருதத்திலோ ப நான்கு வகை (pa, pha, ba, bha). உண்மையில் 'ப்ர' மட்டுமே முதல் ப. மற்ற நான்கும் மூச்சோடு வரும் நான்காம் ப. புத்தகத்தில் சின்னதாக 4 போட்டிருந்தாலும் கண் தாண்டிப் போய்விடும். எதிரே இருப்பவர் நிறுத்தித் திருத்தும்போதுதான் நாக்கு படிகிறது.

வாரம் 5 ஸ்லோகம் என்றால், நாமங்கள் வரும் 107 ஸ்லோகங்களும் முடிய ஐந்து மாதம் ஆகும். ஆகட்டும், நான் சந்தையைத்தான் சொல்வேன். அப்புறம், பாடம் ஆன பகுதியை மறக்காமலிருக்க ஒலிப்பதிவைப் போட்டுக் கூடவே சொல்லலாம்.