மாட்டெருவா, மண்புழு உரமா? ரெண்டையும் போட்டுப் பாத்தாச்சு

மொதல்ல பேர் குழப்பம். பச்சை சாணி எரு கிடையாது, அது சாணி. மாசக்கணக்குல குவிச்சுக் கெடந்து மக்குனா தொழு உரம், அதான் மாட்டெரு, எங்க பக்கம் குப்பை எருன்னுதான் சொல்வோம். புழு தின்னு கழிச்சது மண்புழு உரம். எது போட்டாலும் மண்ணுக்குள்ள மேல மேல செதஞ்சு, சீக்கிரம் அழியாம நிக்குற கருப்புச் சமாச்சாரம் மட்கு, பாடப்புத்தகத்துல ஹியூமஸ். கடைல கேட்டா எல்லாமே "காம்போஸ்ட் சார்".

சத்துல மண்புழு உரம்தான் ஒசத்தி. தழைச்சத்து, அதான் நைட்ரஜன், ஒன்றரை சதவீதம் பக்கம் வரும், தொழு உரத்துல அரை சதவீதம்தான். ரெடியாகறதும் சீக்கிரம், ரெண்டு மாசம் போதும். தொழு உரத்துக்கு நாலஞ்சு மாசம் ஆகும்.

ஆனாலும் நான் மாட்டெருவுக்கே திரும்பிட்டேன், ஒரே காரணம் பராமரிப்பு. புழுவுக்கு நெழல் வேணும், ஈரம் வேணும், கைல அள்ளிப் புழிஞ்சா தண்ணி சொட்டக்கூடாது ஆனா கை நனையணும், அந்தப் பதத்த தெனம் பாத்துட்டே இருக்கணும், எறும்பு ஏறாம தொட்டிக்கால்ல தண்ணி கட்டணும், இதெல்லாம் பண்ணியும் போன சித்திரைல ரெண்டு நாள் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து தொட்டி மேல மூடுன ஈரச்சாக்க தூக்குனா சாக்கு அப்பளமா காஞ்சு கெடக்கு, உள்ள ஒரு புழு இல்ல, நாத்தம் மட்டும்தான். 35 டிகிரிக்கு மேல போனாலே அதுக்கு கஷ்டம், மொட்டைமாடி தகர ஷெட்டுக்குள்ள எவ்ளோ இருந்துருக்கும்னு நீங்களே பாத்துக்கோங்க. மாட்டெரு மூட்டை அதே வெயில்ல மூலைல சும்மா கெடந்துச்சு, அதுக்கு ஒண்ணும் ஆகல.

எருவுலயும் வம்பு இருக்கு, இல்லன்னு சொல்லல. அரைகொறையா மக்குனத வாங்கிட்டா மாடு தின்ன வெதையெல்லாம் மொளைக்கும், என் கீரைத் தொட்டில கீரைக்கு முன்னாடி களைதான் வந்துச்சு. வண்டுப்புழு வேற, வெள்ளையா தடியா சுருண்டுட்டு இருக்கும், வேரக் கடிச்சுரும்.

நாத்து விடுறதுக்கு மட்டும் மண்புழு உரம் ஒரு கிலோ வாங்கிக்கிறேன், பொலபொலன்னு இருக்கு, அந்த வேலைக்கு அதான் சரி. இதெல்லாம் 20 தொட்டி வச்சு ரெண்டு வருஷம் பாத்த கதை, ஏக்கர் கணக்குல வெவசாயம் பண்றவங்க இத வச்சு முடிவு பண்ண வேணாம்.

எரு வாங்கப் போனா மூட்டைக்குள்ள கைய விட்டுப் பாருங்க. உள்ள சூடா இருந்தாலோ சாணி வாசம் அடிச்சாலோ இன்னும் மக்கல, அங்கயே வச்சுட்டு வந்துருங்க.